போலீஸ் சோதனை சட்டத்தை மீறியிருந்தால் கிடைத்த ஆதாரமும் செல்லாதா? கேரள வழக்குகள் சொல்வது என்ன?

2023 ஜூலை முதல் வாரம். திருவனந்தபுரத்தின் பட்டம் பகுதியில் உள்ள 'மறுநாடன் மலையாளி' இணையச் செய்தி நிறுவனத்தின் அலுவலகத்துக்குள் கொச்சி போலீஸார் நுழைந்தார்கள். கம்ப்யூட்டர்களும் கேமராக்களும் எடுத்துச் செல்லப்பட்டன. அந்த நிறுவனத்தின் ஆசிரியர் ஷாஜன் ஸ்கறியா மீது எம்.எல்.ஏ. பி.வி. ஸ்ரீநிஜின் கொடுத்த புகாரில், எஸ்.சி., எஸ்.டி. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வழக்கு பதிவாகியிருந்தது. அவருடைய முன்ஜாமீன் மனுவை கேரள உயர் நீதிமன்றம் ஜூன் 30 அன்று தள்ளுபடி செய்திருந்தது. போலீஸ் அவரைத் தேடிக்கொண்டிருந்தது.

அந்தத் தேடலில் இன்னொரு விஷயமும் நடந்தது. வழக்கில் குற்றம் சாட்டப்படாத, வேறொரு மலையாள நாளிதழின் செய்தியாளரிடமிருந்து அவருடைய செல்போனையும் போலீஸ் வாங்கிக்கொண்டு போனது. அவர் உயர் நீதிமன்றத்துக்குப் போனார். நீதிபதி பி.வி. குஞ்ஞிகிருஷ்ணன் சொன்னதன் சாரம் இதுதான்: ஒரு குற்ற வழக்குக்கு ஒரு போன் தேவை என்றால் அதைக் கைப்பற்றுவதற்கு சட்டத்தில் வழிமுறை இருக்கிறது. அதைப் பின்பற்றாமல் ஒரு பத்திரிகையாளரின் போனை எடுக்க முடியாது.

இந்தச் செய்தி வந்தபோது நம்மில் பலர் என்ன நினைத்திருப்போம்? "அப்படியானால் அந்தப் போனில் போலீஸ் எதைக் கண்டுபிடித்தாலும் அது செல்லாது." ஹாலிவுட் படங்களும் அமெரிக்க சீரியல்களும் நமக்குச் சொல்லிக்கொடுத்தது அதைத்தான். வாரண்ட் இல்லையா, கேஸ் முடிந்தது.

இந்தியாவில் அப்படி இல்லை. சோதனை தவறு என்று நீதிமன்றமே சொன்னாலும், அதில் கிடைத்த பொருள் பெரும்பாலும் ஆதாரமாக உயிரோடுதான் இருக்கும். இதைத் தெரிந்துகொள்ளாமல் "எல்லாவற்றையும் அப்பீலில் பார்த்துக்கொள்ளலாம்" என்று இருந்துவிடுகிறவர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை.

முதலில், வாரண்ட் எப்போது வேண்டும்?

2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, சுருக்கமாக பி.என்.எஸ்.எஸ்., நடைமுறையில் இருக்கிறது. பிரிவு எண்கள் மாறிவிட்டன. சோதனை பற்றிய அடிப்படை பெரிதாக மாறவில்லை.

வாரண்ட் என்பது மாஜிஸ்திரேட் கொடுப்பது. பழைய 93-வது பிரிவு, இப்போது 96. கேட்டால் ஒருவர் பொருளைத் தானாகக் கொடுக்க மாட்டார் என்று நம்பக் காரணம் இருக்கும்போதோ, பொதுவான ஒரு சோதனை வழக்குக்கு உதவும் என்று தோன்றும்போதோ கொடுக்கலாம். ஆனால் நடைமுறையில் நம் வீட்டுக் கதவைத் தட்டும் பல சோதனைகள் வாரண்ட் இல்லாமலேயே வருகின்றன. அதற்கும் சட்டம் இடம் கொடுக்கிறது. பழைய 165, இப்போது 185. வாரண்ட் வாங்கப் போனால் தாமதமாகிவிடும் என்று விசாரணை அதிகாரி நம்பினால் நேராக வரலாம். ஆனால் ஏன் அப்படி நம்புகிறார், எதைத் தேடுகிறார் என்பதை முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். அந்தப் பதிவின் நகலை அருகிலுள்ள மாஜிஸ்திரேட்டுக்கு உடனே அனுப்ப வேண்டும். 'உடனே' என்பதற்குப் புதிய சட்டம் ஒரு கெடுவும் வைத்திருக்கிறது: 48 மணி நேரம். சோதனையை வீடியோ எடுப்பதும் இப்போது சட்டத்திலேயே இருக்கிறது, செல்போனில் எடுத்தாலும் போதும். அந்த வீடியோவும் தாமதமின்றி மாஜிஸ்திரேட்டுக்குப் போக வேண்டும்.

வீட்டுக்குள் வந்தபிறகு 103-வது பிரிவு, அதாவது பழைய 100. அந்தப் பகுதியில் குடியிருக்கும், வழக்கோடு சம்பந்தமில்லாத, மரியாதைக்குரிய இரண்டு பேராவது சாட்சியாக இருக்க வேண்டும். பெண்ணைச் சோதிப்பது பெண்ணாகத்தான் இருக்க வேண்டும். வீட்டில் இருப்பவரையோ அவர் சார்பில் ஒருவரையோ சோதனையின்போது கூட இருக்க விட வேண்டும். எடுத்த பொருள்களின் பட்டியல், அதாவது மகஜர், அங்கேயே எழுதப்பட்டு சாட்சிகள் கையெழுத்திட்டு, ஒரு நகல் வீட்டுக்காரருக்குக் கொடுக்கப்பட வேண்டும். கேரளத்தில் இதை 'மஹஸர்' என்பார்கள்.

இதில் எதையாவது போலீஸ் செய்யவில்லை என்று வையுங்கள். அப்போது என்ன ஆகும் என்பதுதான் கேள்வி.

கென்யாவில் ஆரம்பித்த ஒரு விதி

பதிலுக்கு கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1950-களில் கென்யா பிரிட்டிஷ் காலனி. அவசரநிலை அமலில் இருந்தது. குருமா என்பவரிடம் இரண்டு தோட்டாக்கள் இருந்ததாகச் சொல்லி மரண தண்டனை விதித்தார்கள். அவரைச் சோதித்த போலீஸ்காரருக்கு, அந்த அவசரகால விதிகளின்படி சோதனை போடும் அளவுக்குப் பதவி இல்லை. லண்டன் பிரிவி கவுன்சிலில் அப்பீல். 1955-ல் தீர்ப்பு வந்தது: ஆதாரம் வழக்குக்குப் பொருத்தமானதா என்பதுதான் கேள்வி, அதை எப்படிப் பிடித்தார்கள் என்பது பொதுவாகக் கேள்வியே இல்லை. அப்பீல் தள்ளுபடி.

ஆறு வருடம் கழித்து அமெரிக்க உச்ச நீதிமன்றம் நேர் எதிர்த் திசையில் போனது. கிளீவ்லேண்ட் நகரில் டோல்ரீ மேப் என்ற பெண்ணின் வீட்டுக்குள் செல்லுபடியாகும் வாரண்ட் இல்லாமல் போலீஸ் நுழைந்த வழக்கு அது. 1961-ல் வந்த அந்தத் தீர்ப்புக்குப் பிறகு, மாநில நீதிமன்றங்களிலும் சட்டவிரோத சோதனையில் கிடைத்தது ஆதாரமாக ஏற்கப்படாது என்றானது. நாம் படத்தில் பார்ப்பது இந்த விதியை.

இந்தியா எடுத்தது லண்டன் வழி. 1973 டிசம்பரில் பூரன் மல் வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு, வருமான வரி சோதனை ஒன்றைப் பற்றி முடிவு செய்யும்போது குருமா தீர்ப்பையும் எடுத்துப் பார்த்தது. அரசியலமைப்போ வேறு சட்டமோ வெளிப்படையாகவோ மறைமுகமாகவோ தடுக்காத வரை, சட்டவிரோத சோதனையில் கிடைத்த ஆதாரத்தையும் பயன்படுத்தலாம் என்றது. அதற்கும் முன், 1954-ல் எம்.பி. சர்மா வழக்கில் எட்டு நீதிபதிகள், அமெரிக்காவின் நான்காவது திருத்தம் போன்ற ஒன்றை நம் அரசியலமைப்பை எழுதியவர்கள் வைக்கவில்லை என்று சொல்லியிருந்தார்கள். 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் தனியுரிமை ஓர் அடிப்படை உரிமைதான் என்று சொல்லி எம்.பி. சர்மாவின் அந்தப் பகுதியை மாற்றினார்கள். ஆனால் பூரன் மல் இன்னும் நிற்கிறது. "தனியுரிமை அடிப்படை உரிமை என்றால் அதை மீறிக் கிடைத்த ஆதாரம் எப்படிச் செல்லும்?" என்ற வாதத்தை வழக்கறிஞர்கள் வைக்கிறார்கள். என் பார்வையில் நியாயமான வாதம். இன்றைய தேதிக்கு அது வாதம்தான், சட்டமாகவில்லை.

அப்படியானால் சோதனை தவறு என்று நிரூபிப்பதால் ஒரு பயனும் இல்லையா? இருக்கிறது, சின்னதாக. 1960-களின் தொடக்கத்தில் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த ராதா கிஷன் வழக்கில், ஒரு தபால்காரர் வீட்டில் பதிவுத் தபால்கள் கிடைத்தன. சோதனை முறைப்படி நடக்கவில்லை என்பது வாதம். முறை தவறிய சோதனை என்றால் நீதிமன்றம் அந்த ஆதாரத்தைக் கூடுதல் கவனத்தோடு பார்க்கும், அவ்வளவுதான், கைப்பற்றியது செல்லாமல் போகாது என்றது தீர்ப்பு. 'கூடுதல் கவனம்' என்பதை எந்தத் தராசில் நிறுப்பது என்று கேட்காதீர்கள். நீதிபதிக்கு நீதிபதி மாறும்.

இதே பாதையில் 2024 மே மாதம் இன்னொரு தீர்ப்பு வந்தது. இது சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து டெல்லிக்குப் போன வழக்கு. போலீஸ் ஒரு பொருளைக் கைப்பற்றினாலோ வங்கிக் கணக்கை முடக்கினாலோ அதை உடனே மாஜிஸ்திரேட்டுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். தெரிவிப்பதில் தாமதமானால் முடக்கமே செல்லாதா? தாமதம் என்ற ஒரே காரணத்துக்காகச் செல்லாமல் போகாது, தாமதத்துக்குச் சரியான விளக்கம் இல்லை என்றால் அந்த அதிகாரி மீது துறை நடவடிக்கை எடுக்கலாம் என்று ஷெண்டோ வர்கீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. உங்கள் கணக்கு முடங்கியே இருக்கும். அதிகாரிக்கு ஒரு மெமோ வரலாம்.

வார்த்தை ஒன்றால் விடுதலையான வழக்கு

ஒரே ஒரு இடத்தில் கதை தலைகீழ். போதைப்பொருள் வழக்குகள்.

போதைப்பொருள் தடுப்புச் சட்டமான என்.டி.பி.எஸ்.-ன் 50-வது பிரிவு சொல்வது: ஒருவரின் உடலைச் சோதிக்கும் முன், "கெசட்டட் அதிகாரி அல்லது மாஜிஸ்திரேட் முன்னிலையில் சோதிக்கப்படும் உரிமை உங்களுக்கு இருக்கிறது" என்று அவருக்குத் தெரிவிக்க வேண்டும். 1999-ல் பல்தேவ் சிங் வழக்கில் ஐந்து நீதிபதிகள், இதை மீறி எடுத்த பொருளை அவரிடம் போதைப்பொருள் இருந்தது என்பதற்கு ஆதாரமாக வைக்க முடியாது என்றார்கள். பூரன் மல் தீர்ப்பு இங்கே உதவாது என்றும் சொன்னார்கள். தண்டனை 10, 20 வருடம் என்று போகிற சட்டம் என்பதால்தான் இந்தக் கண்டிப்பு.

இதற்குக் கேரளத்திலிருந்து போன ஒரு வழக்குதான் எனக்குத் தெரிந்ததிலேயே நல்ல உதாரணம். 2000-ல் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. சோதனை போட்ட அதிகாரி அந்த மனிதரிடம், கெசட்டட் அதிகாரியோ மாஜிஸ்திரேட்டோ முன்னிலையில் சோதிக்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறார். கேட்டாரே, போதாதா? போதாது என்றது நீதிமன்றம். "வேண்டுமா?" என்று கேட்பது வேறு, "உங்களுக்கு உரிமை இருக்கிறது" என்று சொல்வது வேறு. உரிமை இருப்பதே தெரியாதவரிடம் வேண்டுமா என்று கேட்டால் அவர் என்ன சொல்வார்? தண்டனை ரத்தானது. 2002-ல் இன்னொரு கேரள வழக்கிலும், கிடைத்த தகவலை எழுதி வைக்காதது, 50-வது பிரிவைப் பின்பற்றாதது ஆகிய காரணங்களால் ஓபியம் வழக்கில் தண்டிக்கப்பட்டவர் விடுதலையானார். கீழ் நீதிமன்றமும் உயர் நீதிமன்றமும் தண்டனையை உறுதி செய்தபிறகு அப்பீலில் கிடைத்த விடுதலைகள் இவை.

உடனே பெரிய நம்பிக்கை வைக்கவும் வேண்டாம். 2001-ல் சாஜன் ஆபிரகாம் வழக்கு, இதுவும் கேரளம்தான். பொது இடத்தில், தாமதித்தால் ஆள் தப்பிவிடுவார் என்ற சூழலில், தகவலை எழுதி வைக்கும் விதியை எழுத்துக்கு எழுத்து பின்பற்றாதது வழக்கைக் கவிழ்க்காது என்றது உச்ச நீதிமன்றம். 50-வது பிரிவும் உடல் சோதனைக்கு மட்டும்தான். பையில் இருந்தது, ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் இருந்தது என்றால் அந்தப் பிரிவு துணைக்கு வராது.

விமான நிலையத்தில் கைப்பற்றிய ஓர் உள்ளாடை

திருவனந்தபுரத்துக்காரர்களிடம் 'தொண்டிமுதல்' என்று சொன்னாலே சினிமாவுக்கு அடுத்து நினைவுக்கு வருவது இந்த வழக்குதான். தமிழில் சொன்னால் வழக்குச் சொத்து, போலீஸ் கைப்பற்றிய பொருள்.

1990 ஏப்ரலில் திருவனந்தபுரம் விமான நிலையத்தில் ஆண்ட்ரூ சால்வடோர் செர்வெல்லி என்ற ஆஸ்திரேலியர் பிடிபட்டார். உள்ளாடையில் மறைத்து வைத்திருந்த, 60 கிராமுக்குச் சற்று அதிகமான சரஸ் கிடைத்ததாக வழக்கு. செஷன்ஸ் நீதிமன்றம் 10 வருட சிறையும் 1 லட்சம் ரூபாய் அபராதமும் விதித்தது. அப்பீல் உயர் நீதிமன்றம் போனது. அங்கே வைக்கப்பட்ட முக்கிய வாதம்: வழக்குச் சொத்தாக இருக்கும் இந்த உள்ளாடை அவர் போடக்கூடிய அளவே இல்லை. 1991-ல் உயர் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது.

பிறகுதான் சிக்கல் ஆரம்பம். நீதிமன்றக் காவலில் இருந்த அந்த உள்ளாடை வழக்கு நடக்கும்போதே வெளியே எடுத்துச் செல்லப்பட்டுத் திரும்பி வந்தது, அந்த இடைவெளியில் அது மாற்றப்பட்டது என்று குற்றச்சாட்டு எழுந்தது. 1994-ல் வழக்கு பதிவானது. அன்று ஜூனியர் வழக்கறிஞராக இருந்து பின்னாளில் கேரள அமைச்சரான ஆண்டனி ராஜுவும் நீதிமன்ற ஊழியர் ஒருவரும் அதில் குற்றம் சாட்டப்பட்டார்கள். 2006-ல் குற்றப்பத்திரிகை. நடைமுறைக் காரணம் ஒன்றைச் சொல்லி 2023 மார்ச்சில் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2024 நவம்பர் 20 அன்று நீதிபதிகள் சி.டி. ரவிகுமார், சஞ்சய் கரோல் அமர்வு வழக்குக்கு மீண்டும் உயிர் கொடுத்து, ஒரு வருடத்துக்குள் விசாரணையை முடிக்கச் சொன்னது.

இதை இங்கே சொல்வதற்குக் காரணம் அரசியல் அல்ல. 10 வருட தண்டனையை நிறுத்தியதும் கவிழ்த்ததும் ஒரே பொருள். சோதனை நாளில் அது எப்படி எழுதப்பட்டது, எப்படிச் சீல் வைக்கப்பட்டது, எந்தத் தேதியில் யார் கையில் இருந்தது என்ற காகிதங்களை வைத்துத்தான் 34 வருடம் கழித்தும் டெல்லியில் பேசிக்கொண்டிருந்தார்கள். நீங்கள் தவறு செய்தவராக இருந்தாலும் சரி, செய்யாதவராக இருந்தாலும் சரி, அப்பீல் நீதிமன்றம் உங்கள் வீட்டுக்கு வந்து பார்க்காது. அது பார்ப்பது மகஜரை.

சரி, எதிர்ப்பை எங்கே, எப்போது சொல்வது?

இங்கேதான் பலரும் கோட்டை விடுகிறார்கள். பி.என்.எஸ்.எஸ். 511, பழைய 465, என்ன சொல்கிறது என்று பாருங்கள். நடைமுறையில் ஏற்பட்ட பிழைக்காக மட்டும் அப்பீலில் தீர்ப்பை மாற்றக் கூடாது, அந்தப் பிழையால் நீதி தவறியிருக்க வேண்டும். நீதி தவறியதா என்று பார்க்கும்போது, இந்த ஆட்சேபத்தை முன்பே எழுப்பியிருக்க முடியுமா, எழுப்பியிருக்க வேண்டுமா என்பதையும் நீதிமன்றம் கவனிக்க வேண்டும். பேச்சு வழக்கில் சொன்னால்: அப்போது சும்மா இருந்துவிட்டு இப்போது வந்து சொல்கிறாயே?

எனவே முதல் இடம் மாஜிஸ்திரேட் நீதிமன்றம்தான். பொருள் கைப்பற்றப்பட்டால் அதைத் திரும்பக் கேட்டு அங்கேயே மனு போடலாம். 497, 503 பிரிவுகள். கைப்பற்றிய பொருள்கள் போலீஸ் நிலையத்தில் மாதக்கணக்கில் கிடக்கக் கூடாது, 15 நாள் முதல் ஒரு மாதத்துக்குள் முடிவு எடுக்க வேண்டும் என்று 2002-லேயே சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எந்த ஸ்டேஷன் வாசலிலும் துருப்பிடித்து நிற்கிற பைக்குகளைப் பார்த்தால் அந்தத் தீர்ப்பின் கதி தெரியும். புதிய சட்டம் இதை இறுக்கியிருக்கிறது: பொருள் நீதிமன்றத்துக்கு வந்த 14 நாளுக்குள் விவரப் பட்டியல், படம் அல்லது வீடியோ, அதன்பின் 30 நாளுக்குள் பொருளை என்ன செய்வது என்ற உத்தரவு.

வாரண்ட் உத்தரவையே எதிர்ப்பது கொஞ்சம் சிரமம். வழக்கின் இடையில் வரும் உத்தரவுகளுக்கு ரிவிஷன் கிடையாது என்று சட்டம் சொல்கிறது. வாரண்ட் அப்படிப்பட்ட இடைக்கால உத்தரவுதான் என்று அரசுத் தரப்பு முதலில் சொல்லும். அதனால் வழக்கறிஞர்கள் நேராக உயர் நீதிமன்றத்தின் உள்ளார்ந்த அதிகாரத்தை நாடுவார்கள். பழைய 482, இப்போது 528. அல்லது அரசியலமைப்பின் 226-வது பிரிவில் ரிட்.

அதிலும் வெற்றி எளிதல்ல. வி.எஸ். குட்டன் பிள்ளை வழக்கைப் பாருங்கள். கேரளத்தில் ஒரு சபையின் நிர்வாகிகள் மீது நம்பிக்கை மோசடிப் புகார். சபை அலுவலகத்தைச் சோதித்துக் கணக்குப் புத்தகங்களை எடுக்க மாஜிஸ்திரேட் வாரண்ட் கொடுத்தார். "எனக்கு எதிரான சாட்சியத்தை நானே கொடுக்கும்படி கட்டாயப்படுத்துகிறீர்கள், அரசியலமைப்பின் 20(3) பிரிவு இதைத் தடுக்கிறது" என்பது வாதம். உயர் நீதிமன்றம் தலையிடவில்லை. 1979-ல் உச்ச நீதிமன்றமும் வாதத்தை ஏற்கவில்லை. சோதனையில் குற்றம் சாட்டப்பட்டவர் எதையும் செய்யவில்லை, போலீஸ் வந்து எடுக்கிறது, அவர் அதற்கு இடம் விடுகிறார், அவ்வளவுதான், இது தனக்கெதிராகச் சாட்சி சொல்வது ஆகாது என்றது. வாரண்ட்டுக்கு எதிராகப் போகிற எவரும் இன்றும் முதலில் தாண்ட வேண்டிய தீர்ப்பு இது.

ஆனால் சீக்கிரம் போனவர்களுக்குப் பலன் கிடைத்த வழக்குகளும் உண்டு. 2025 ஜூனில் கேரள உயர் நீதிமன்றம் ஒரு வழக்கை ரத்து செய்தது. கொச்சியில் போலீஸின் ரவுடிப் பட்டியலில் இருந்தவரின் வீட்டுக் கதவை நள்ளிரவு தாண்டித் தட்டி, திறக்கச் சொல்லியிருக்கிறார்கள். அவர் மறுத்தார் என்று அவர் மீதே வழக்கு. கண்காணிப்பு என்ற பெயரில் நள்ளிரவில் கதவைத் தட்டவோ உள்ளே நுழையவோ போலீஸுக்கு அதிகாரம் இல்லை, கேரள போலீஸ் மேனுவல்கூட அதை அனுமதிக்கவில்லை என்றார் நீதிபதி வி.ஜி. அருண். அந்த மனிதர் விசாரணை முடியும் வரை காத்திருக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

கெடு தேதிகளையும் குறித்துக்கொள்ளுங்கள். மாஜிஸ்திரேட் தண்டனைக்கு எதிராக செஷன்ஸ் நீதிமன்றத்தில் அப்பீல், 30 நாள். செஷன்ஸ் தண்டனைக்கு எதிராக உயர் நீதிமன்றத்தில் அப்பீல், 60 நாள். (மரண தண்டனை என்றால் 30.) ரிவிஷனுக்கு 90. உயர் நீதிமன்ற உத்தரவை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் சிறப்பு அனுமதி மனு, பொதுவாக 90. வஞ்சியூர் நீதிமன்றத்தில் நடக்கும் வழக்குக்கு உயர் நீதிமன்றம் 200 கிலோமீட்டர் தள்ளி கொச்சியில் இருக்கிறது. தலைநகரில் உயர் நீதிமன்றக் கிளை வேண்டும் என்பது பல வருடக் கோரிக்கை.

ஷாஜன் ஸ்கறியா வழக்கும் டெல்லி வரை போனதே, அது என்ன ஆனது? 2023 ஜூலையில் இடைக்காலப் பாதுகாப்பு கிடைத்தது, 2024 ஆகஸ்ட் 23 அன்று உச்ச நீதிமன்றம் முன்ஜாமீன் கொடுத்தது. ஆனால் அது ஜாமீன் பற்றிய அப்பீல். பட்டம் அலுவலகத்தில் நடந்த சோதனை முறையானதா என்ற கேள்வி அந்தத் தீர்ப்பின் பொருளே அல்ல. பெரிய வழக்குகளிலும் சோதனை பற்றிய சண்டை இப்படித்தான் ஓரமாகப் போய்விடுகிறது. போலீஸ் புள்ளிவிவரங்களை வருடக்கணக்காகத் தோண்டுபவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன்: தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் வருடாந்திர அறிக்கையில் கைது, குற்றப்பத்திரிகை, தண்டனை என்று அட்டவணைகள் வரிசையாக இருக்கும். எத்தனை தேடல் வாரண்ட், எத்தனை வாரண்ட் இல்லாத சோதனை என்று ஓர் அட்டவணையை நான் பார்த்ததில்லை.

போன் மட்டும் ஏன் தனிப் பிரச்சினை?

சட்டத்தில் ஒரு வேடிக்கை இருக்கிறது. தபால் துறையின் பொறுப்பில் இருக்கும் ஒரு கடிதத்துக்கு, அதிகாரமில்லாத மாஜிஸ்திரேட் தேடல் வாரண்ட் கொடுத்தால் அந்த நடவடிக்கையே செல்லாது என்று தனியாக எழுதி வைத்திருக்கிறார்கள். 507-வது பிரிவு. அஞ்சல் பெட்டிக்குள் போன ஒரு கவருக்கு இருக்கும் இந்தக் கவசம், பத்து வருட வாட்ஸ்ஆப் பேச்சும் வங்கி விவரமும் குடும்பப் படங்களும் இருக்கும் உங்கள் போனுக்கு இல்லை. சட்டத்தின் கண்ணில் போனும் கத்தியும் அநேகமாக ஒன்றுதான், இரண்டும் கைப்பற்றத் தக்க 'பொருள்'.

2021-ல் கர்நாடக உயர் நீதிமன்றம் விரேந்திர கன்னா வழக்கில், அவசரம் இல்லாத நிலையில் போனைத் திறந்து பார்க்க வாரண்ட் வேண்டும் என்றது. பாஸ்வேர்டைக் கொடுப்பது தனக்கெதிரான சாட்சியம் ஆகாது என்றும் அதே தீர்ப்பு சொன்னது. அடுத்த வருடம் டெல்லி சிறப்பு நீதிமன்றம் ஒன்று பாஸ்வேர்டுக்குக் கட்டாயப்படுத்த முடியாது என்று வேறு மாதிரி சொன்னது. 2023 நவம்பரில், ஊடகவியலாளர்களின் கருவிகளைக் கைப்பற்றுவது தொடர்பான வழக்கில், விதிமுறைகள் வகுக்குமாறு மத்திய அரசிடம் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதுவரை மத்திய விசாரணை அமைப்புகள் சி.பி.ஐ. மேனுவலைப் பின்பற்றும் என்று அடுத்த மாதம் அரசு உறுதி கொடுத்தது. கதவைத் தட்டுவது கேரள போலீஸோ தமிழ்நாடு போலீஸோ என்றால் அந்த உறுதி அவர்களைப் பற்றியதல்ல.

எனவே போன் எடுக்கப்பட்டால் ஒன்றைக் கேளுங்கள்: ஹேஷ் எண். போனில் உள்ள தகவல் முழுவதையும் வைத்துக் கணக்கிடப்படும் நீண்ட எண் அது. உள்ளே ஒரு எழுத்து மாறினாலும் எண் மாறிவிடும். கைப்பற்றிய நேரத்தில் அது மகஜரில் பதிவாகவில்லை என்றால் அதைக் கேட்டு மாஜிஸ்திரேட்டிடம் எழுத்தில் மனு கொடுங்கள். விமான நிலைய வழக்கில் உள்ளாடையின் அளவு செய்த வேலையை, நாளை உங்கள் வழக்கில் இந்த எண் செய்யக்கூடும்.

சாலை பஜாரில் கடை வைத்திருக்கும் தமிழருக்கு

திருவனந்தபுரத்தில் வாழும் தமிழர்களுக்கு இன்னொரு நடைமுறைப் பிரச்சினை உண்டு. மகஜர் மலையாளத்தில் இருக்கும். பேச மலையாளம் வரும், எழுத்து படிக்க வராது என்பவர்கள் சாலை பஜாரிலும் கரமனையிலும் நிறைய. நகல் பெற்றதற்குக் கையெழுத்துக் கேட்டால், படித்துக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். படித்துக் காட்டவில்லை என்றால் கையெழுத்துக்குப் பக்கத்தில் தமிழிலேயே அதை எழுதுங்கள், தேதியும் நேரமும் போட்டு. வாக்குவாதமோ கைகலப்போ வேண்டாம். சோதனை தவறு என்பதை மறுநாள் நீதிமன்றத்தில் சொல்லலாம், ஆனால் அரசு ஊழியரைத் தடுத்ததாகத் தனி வழக்கு வந்தால் அதுவும் உங்கள் தலையில்தான். பக்கத்து வீட்டுக்காரரைச் சாட்சியாகக் கூப்பிட்டால் அவர் ஒதுங்கத்தான் பார்ப்பார். எழுத்து உத்தரவு கொடுத்துக் கூப்பிட்ட பிறகு தக்க காரணமின்றி மறுப்பது குற்றம் என்று அவருக்கும் சொல்லி வையுங்கள், உங்களுக்குத் தெரிந்த நியாயமான சாட்சி அவராகவே இருக்கலாம்.

அன்றிரவே, யார் வந்தார்கள், எத்தனை மணிக்கு, என்ன சொன்னார்கள், எந்த அறையில் என்ன எடுத்தார்கள், வீடியோ எடுத்தார்களா என்பதை எழுதி, வழக்கறிஞர் மூலம் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் பதிவு செய்யுங்கள். 48 மணி நேரத்துக்குள் போக வேண்டிய போலீஸ் பதிவின் நகலையும் கேளுங்கள். அதை இலவசமாகத் தர மாஜிஸ்திரேட்டுக்குச் சட்டமே சொல்லியிருக்கிறது. வழக்கறிஞருக்குப் பணம் இல்லை என்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணையம் இருக்கிறது. பெண்கள், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினர், காவலில் இருப்பவர்கள் ஆகியோர் வருமானம் எவ்வளவு என்றாலும் இலவச உதவி பெறலாம். தேசிய உதவி எண் 15100.